ஒரு தேசம் இருந்த பத்தியம்

பத்தியம் என்பது நமக்குப் பழகிய சொல். வீட்டில் ஒருவர் நோய்வாய்ப்பட்டால், வைத்தியர் மருந்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. இன்னதை உண்ணலாம், இன்னதை விலக்க வேண்டும் என்று ஒரு வரம்பையும் விதித்துவிட்டுப் போவார். அந்த வரம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு விலக்கப்பட்ட நெய்யே மற்றொருவருக்கு மருந்தின் அனுபானமாக விதிக்கப்படுவதும் உண்டு. ஆனால், தனி மனிதர் ஒருவர் அன்றி, ஒரு தேசம் முழுவதுமே பத்தியம் இருக்க நேர்ந்தால் என்ன ஆகும்? மாமிசத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டு, வெண்ணெயை அளந்து உண்டு, தானியத்தையும் கிழங்கையும் காய்கறியையும் முக்கிய உணவாகக் கொண்டு ஓராண்டு வாழ்ந்தால், அந்த ஜனங்களின் ஆரோக்கியம் கெடுமா, சீர்படுமா?

இது கற்பனைக் கேள்வி அன்று. முதல் உலக யுத்தத்தின் போது ஐரோப்பாவின் வட பகுதியிலுள்ள டென்மார்க் தேசத்தில் இது உண்மையாகவே நிகழ்ந்தது. மாமிசத்தையும் பாற்பொருள்களையும் குறைப்பது உடலுக்கு நல்லது என்று இக்காலத்தில் நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறிவுரையை யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதை அறிய, டென்மார்க்கின் அனுபவத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

டென்மார்க் சிறிய நாடு. யுத்த காலத்தில் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 30 லட்சம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் அந்நாட்டு விவசாயிகள் தானியம் விளைவித்து வெளிநாடுகளுக்கு விற்றுப் பிழைத்து வந்தனர். 1870களிலும் 1880களிலும் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பியச் சந்தைகளில் வந்து இறங்கிற்று. தானிய விலை வீழ்ந்தது. டேனிஷ் விவசாயி மனம் தளரவில்லை. தானியத்தை விற்பதை விட்டு, அதை வாங்கிக் கால்நடைகளுக்கு இட்டு, வெண்ணெயாகவும் பன்றி இறைச்சியாகவும் மாற்றி விற்கத் தொடங்கினான். 1882ஆம் ஆண்டு யட்டிங் என்னும் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. 1887ஆம் ஆண்டு ஹார்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஏற்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்தின் காலை உணவு மேஜையில் டேனிஷ் வெண்ணெய்க்கும் டேனிஷ் பன்றி இறைச்சிக்கும் நிலையான இடம் கிடைத்துவிட்டது.

இந்தத் தொழிலின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு, ஆடை வெண்ணெயாகிக் கப்பலேறியது. ஆடை நீக்கிய பால் பண்ணைக்குத் திரும்பி வந்து பன்றிகளுக்குத் தீனியாயிற்று. பன்றியும் இறைச்சியாகிக் கப்பலேறியது. வெண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தபடியால், அதை உண்டாக்கியவர்களே அதை உண்ணாமல், மலிவான மார்கரினை ரொட்டியில் தடவி உண்டனர். நம் நாட்டிலும் பால் கறக்கும் வீட்டில் குழந்தைக்குப் பால் மிஞ்சாத நிலையைப் பலர் கண்டிருப்பார்கள். உற்பத்தி பெருகுவது வேறு, உண்பது வேறு என்பதற்கு டென்மார்க் ஒரு பழைய உதாரணம்.

1914ஆம் ஆண்டு யுத்தம் மூண்டது. டென்மார்க் நடுநிலை வகித்தது. முதலில் அதன் வியாபாரம் செழித்தது. போரிடும் இரு தரப்பினரும் அதன் உணவுப் பண்டங்களை நல்ல விலை கொடுத்து வாங்கினர். 1917ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிக் கப்பல் யுத்தத்தைத் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. கடல் வழிகள் அடைபட்டன. வெளிநாட்டு மக்காச்சோளமும் பிண்ணாக்கும் ரொட்டித் தானியமும் வருவது நின்று போயிற்று. தேசத்தில் 30 லட்சம் மனிதர்கள் இருந்தனர். யுத்தம் தொடங்கிய ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 25 லட்சம் பன்றிகளும் இருந்தன. கைவசமுள்ள தானியமும் கிழங்கும் இரு கூட்டத்தாருக்கும் போதமாட்டா. மனிதனுக்கா, பன்றிக்கா என்பதே அரசாங்கத்தின் முன் நின்ற கேள்வி.

அச்சமயத்தில் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறியவர்களுள் முக்கியமானவர் டாக்டர் மிக்கேல் ஹிந்தேட என்பவர். 1862ஆம் ஆண்டு ஜட்லாந்துப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ரை ரொட்டியும் கஞ்சியும் உருளைக்கிழங்கும் உண்டு வளர்ந்தவர். அவர் மருத்துவம் பயின்ற காலத்தில், ம்யூனிக் நகரத்துப் பேராசிரியர் கார்ல் வாய்ட் என்பவரின் கொள்கையே பாடப் புத்தகங்களில் கோலோச்சியது. உழைக்கும் மனிதன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் தேவை என்பது அக்கொள்கை. அதை நிறைவு செய்ய மாமிசமே சிறந்த வழி என்று அக்கால மருத்துவர்கள் கருதினர். தம் கிராமத்து ஜனங்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே உண்டு, நாள் முழுவதும் உழைத்ததை நேரில் கண்டிருந்த ஹிந்தேடவுக்கு இதில் ஐயம் பிறந்தது.

ஐயத்தைச் சோதனையால் தீர்த்துக்கொள்ள முயன்றார். 1910ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் அரசாங்கத்தின் உணவு ஆராய்ச்சிக் கூடம் அவர் பொறுப்பில் அமைந்தது. அங்கே அவருடைய உதவியாளர் பிரெடரிக் மாட்சன் என்பவர் உருளைக்கிழங்கையும் மார்கரினையுமே முக்கிய உணவாகக் கொண்டு பல மாதங்கள் வாழ்ந்தார். அக்காலத்தில் கடினமான உடல் உழைப்பையும் செய்து காட்டினார். இதைக் கேட்டு நகைத்தவர்கள் பலர். மாமிசமும் வெண்ணெயும் விற்றுப் பிழைக்கும் நாட்டில், மாமிசம் குறைந்தாலும் மனிதன் வாழ்வான் என்று ஒரு மருத்துவர் பேசுவது எல்லோருக்கும் உவப்பாக இருக்க முடியாது அல்லவா?

1917ஆம் ஆண்டின் முட்டுப்பாடு அவருடைய ஆராய்ச்சியை ராஜாங்க விவகாரமாக்கிவிட்டது. அவர் கூறிய யோசனையின் சாரம் இது: பன்றிகளில் ஐந்தில் நான்கு பங்கையும், பசுக்களில் ஆறில் ஒரு பங்கையும் குறைத்துவிட வேண்டும்; அவற்றுக்குச் செல்லும் பார்லியையும் தவிட்டையும் உருளைக்கிழங்கையும் மனிதர்களுக்கே கொடுத்துவிட வேண்டும். தானியத்தைப் பன்றிக்கு இட்டு இறைச்சியாக மாற்றும்போது, அதிலுள்ள உணவுச் சத்தின் பெரும் பகுதி அப்பிராணியின் உயிர் வாழ்க்கைக்கே செலவாகிவிடுகிறது. எஞ்சுவது சிறு பங்கே. ஆகையால் பஞ்ச காலத்தில் தானியத்தை நேராக மனிதனே உண்பதுதான் சிக்கனம் என்பது அவருடைய வாதம்.

இதனால் விவசாயிகளுக்கு நேர்ந்த நஷ்டம் சாமானியமானதன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மந்தைகள் கரைந்தன. 1918ஆம் ஆண்டில் முன்னிருந்த பன்றிகளில் ஒரு சிறு பகுதியே எஞ்சியது. ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. ரையைத் தவிடு நீக்காமல் அரைத்து, பார்லியும் தவிடும் கலந்து சுட்ட கரிய ரொட்டியும், பார்லிக் கஞ்சியும், உருளைக்கிழங்கும், காய்கறிகளும், பாலும், அளந்து கொடுத்த சிறிது வெண்ணெயும் நகரத்து ஜனங்களின் உணவாயின. பன்றி இறைச்சி நகரங்களில் காண்பதற்கே அரிதாயிற்று. மாட்டிறைச்சி விலை ஏறிச் சாதாரண மக்களுக்கு எட்டாமற் போயிற்று.

ஓராண்டு கழிந்தது. ஜனங்கள் மெலிந்து மடிவார்கள் என்று அஞ்சியவர்களின் எண்ணத்துக்கு மாறாக, மரணக் கணக்கு குறைந்தது. 1917 அக்டோபர் தொடங்கிய ஓராண்டில் டென்மார்க்கின் மரண விகிதம் ஆயிரத்துக்கு 10.4 என்றும், அதற்கு முன் அந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த விகிதமே 12.5 என்றும் ஹிந்தேட எடுத்துக் காட்டினார். இந்த அனுபவத்தை அவர் 1920ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். 1918ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் டென்மார்க்கையும் தாக்கவே, அந்த அபூர்வமான ஆண்டு முடிவுற்றது.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் எதிர்ப் பக்கத்தையும் காட்ட வேண்டும். அதே ஆண்டில் டென்மார்க் மற்றொரு பத்தியத்தையும் இருந்தது. தானியமும் கிழங்கும் சாராயம் காய்ச்சச் செல்வது தடுக்கப்பட்டது. மதுவின் மீது வரி பன்மடங்கு உயர்ந்தது. பீர் உற்பத்தியும் குறைக்கப்பட்டது. குடியினால் வரும் நோய்களும் மரணங்களும் குறைந்தன. மாமிசக் குறைவு எவ்வளவு நன்மை செய்தது, மதுக் குறைவு எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஏற்றுமதி நின்று உணவுப் பண்டங்கள் உள்நாட்டிலேயே தங்கியதுதான் அவ்வாண்டில் காசநோய் மரணங்கள் குறைந்ததற்குக் காரணம் என்று பிற்காலத்தில் வாதித்த டேனிஷ் மருத்துவரும் உண்டு.

இதைவிட முக்கியமான சாட்சியம் ஒன்று, அதே கோபன்ஹேகன் நகரத்தில் வேறொரு மருத்துவரிடம் இருந்தது. அவர் குழந்தை வைத்தியரான கார்ல் எட்வர்ட் பிளாக். யுத்தத்துக்கு முன்பிருந்தே, ஏழை வீட்டுக் குழந்தைகள் சிலரைக் கண்கள் வறண்டு ஒளி மங்கிய நிலையில் பெற்றோர் அவரிடம் கொண்டு வந்தனர். யுத்த காலத்தில் இவர்களின் எண்ணிக்கை ஏறியது. பலர் நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவர்கள். பசுக்கள் நிறைந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள். சில குழந்தைகள் பார்வையை முற்றும் இழந்தனர். காரணத்தைத் தேடிய பிளாக் அவர்களுடைய உணவை விசாரித்தார். வெண்ணெய் வெளிநாட்டுக்குச் சென்றது. குழந்தைகளுக்குக் கிடைத்தது ஆடை நீக்கிய பால், தானியக் கஞ்சி, தாவரக் கொழுப்பிலான மார்கரின் ஆகியவையே. கண்ணைக் காக்கும் வைட்டமின் ஏ பாற்கொழுப்பில் உள்ளது. அந்நாளைய மார்கரினில் அது இல்லை. அந்த வைட்டமினை அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தது 1913ஆம் ஆண்டில்தான். முழுப் பாலும் மீன் எண்ணெயும் கொடுத்ததும், முற்றிலும் கெட்டுப்போகாத கண்கள் தெளிந்தன.

1917ஆம் ஆண்டின் இறுதியில் வெண்ணெய் ஏற்றுமதி தடைபட்டு, உள்நாட்டில் ஒவ்வொருவருக்கும் வாரம் 250 கிராம் வீதம் எட்டும் விலையில் பங்கீடு செய்யப்பட்டது. அதன் பின்னர் அந்தக் கண்நோய் மறைந்தது. யுத்தம் முடிந்து ஏற்றுமதி மீண்டும் தொடங்கியதும் நோயும் திரும்பி வந்தது. பங்கீடு என்பது வசதியுள்ளவனுக்குக் குறைப்பு. அதுவரையில் வெண்ணெயே காணாத ஏழைக் குழந்தைக்கோ அது கூடுதல். ஒரே சட்டம், ஒரே அளவு. ஒருவருக்கு விலக்காகவும் மற்றவருக்கு மருந்தாகவும் பயன்பட்டது. ஹிந்தேட கண்ட நன்மையும் பிளாக் கண்ட நன்மையும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று முதலில் தோன்றும். சிந்தித்துப் பார்த்தால், இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பது விளங்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மற்றொரு வட தேசமான நார்வே இதைப்போன்ற சோதனைக்கு உள்ளாயிற்று. 1940 முதல் 1945 வரை அந்நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது இறைச்சி, வெண்ணெய், முட்டை ஆகியவை மிகவும் குறைந்தன. அவ்வாண்டுகளில் இருதயம், இரத்தக் குழாய் ஆகியவற்றின் நோய்களால் ஏற்படும் மரணங்களும் குறைந்தன. சமாதானம் வந்து பழைய உணவு திரும்பியதும் அவையும் ஏறின. இதைப் பற்றிய ஆய்வு 1951ஆம் ஆண்டு லண்டன் மருத்துவச் சஞ்சிகையான லான்செட்டில் வெளிவந்தது. எனினும், யுத்தம் வலுக்கட்டாயமாகச் செய்த குறைப்பைச் சமாதான காலத்தில் ஜனங்கள் தாமாகவே ஏற்பார்களா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அதற்கு விடை பின்லாந்திலிருந்து வந்தது. அதன் கிழக்கெல்லையில் வடக்குக் கரேலியா என்ற மாகாணம் இருக்கிறது. ஏரியும் காடும் நிறைந்த பகுதி. சிறு விவசாயிகளும் மரம் வெட்டுவோரும் வாழுமிடம். யுத்தத்துக்குப் பின் பால் மாடு வளர்ப்பே அங்குப் பலருக்கு ஜீவனோபாயமாயிற்று. பல தலைமுறைகளாக வறுமையில் வாடியவர்களுக்கு, ரொட்டியின் மேல் தடித்த வெண்ணெயும் குவளை நிறைய ஆடையுள்ள பாலும் கொழுத்த இறைச்சியும் நல்வாழ்வின் அடையாளங்களாக விளங்கின. ஆனால், நாற்பது ஐம்பது வயதில், குடும்பத்தைத் தாங்கும் ஆண்கள் மாரடைப்பினால் திடீரென்று மாய்ந்தனர். அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் முன்னின்று 1958ஆம் ஆண்டு தொடங்கிய ஏழு நாடுகளின் ஆய்வில், கிழக்குப் பின்லாந்தின் ஆண்களிடையே இருதய நோய் மரணம் மிக உயர்ந்த நிலையில் இருப்பது வெளிப்பட்டது.

1971ஆம் ஆண்டு அம்மாகாணத்துப் பிரமுகர்கள் தலைநகருக்கு மனுச் செய்துகொண்டனர். 1972ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. தலைமை தாங்கியவர் பெக்கா புஸ்கா என்ற 27 வயது மருத்துவர். அவர் ஆஸ்பத்திரியில் அமர்ந்து நோயாளியை எதிர்பார்க்கவில்லை, கிராமங்களுக்குச் சென்றார். மார்த்தா சங்கம் என்னும் இல்லத்தரசிகளின் அமைப்பு கைகொடுத்தது. ஊர்க் கூட்டங்களில் அப்பெண்கள் சமைத்துக் காட்டினர். கரேலியாவின் புகழ்பெற்ற இறைச்சிக் குழம்பை அவர்கள் கைவிடச் சொல்லவில்லை. இறைச்சியைக் குறைத்துக் கிழங்கையும் காய்கறியையும் கூட்டி, அதே பாத்திரத்தில் வேகவைத்துப் பரிமாறினர். பாலையும் விடச் சொல்லவில்லை. கொழுப்பு நீக்கிய பாலைக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு காலத்தில் டென்மார்க்கின் பன்றிகளுக்கு ஊற்றிய பால் வகை, இங்கே மனிதனின் இருதயத்தைக் காக்க வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வெண்ணெயைக் குறை என்பது பால் மாட்டை நம்பி வாழ்பவனின் காதில் பிழைப்பைக் குறை என்றே விழுந்தது. அவனுடைய அச்சம் நியாயமானதே. ஆகையால், வேலையை நடத்தியவர்கள் மாற்று வழிகளையும் தேடினர். குளிர் நாட்டிலும் விளையும் எண்ணெய் வித்துப் பயிர் பரவியது. காட்டிலும் தோட்டத்திலும் விளையும் சிறு கனிகளைப் பயிரிட்டு விற்கும் திட்டம் உருவாயிற்று. பால் நிறுவனங்களும் நாளடைவில் கொழுப்புக் குறைந்த பண்டங்களைச் செய்து விற்றன. 1970களின் தொடக்கத்தில் அங்குப் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ரொட்டியில் வெண்ணெய் தடவி உண்டனர். பிற்காலத்தில் அவ்வாறு உண்போர் மிகச் சிலராயினர். புகைபிடித்தலும் குறைந்தது, இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சையும் பரவியது. இவையெல்லாம் கூடி, 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரண விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. இதில் பெரும் பங்கு, உணவு மாற்றத்தினால் இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்ததற்கு உரியது என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

நம் நாட்டின் சரித்திரத்தில் இதன் மறுபக்கம் காணக் கிடக்கிறது. டென்மார்க் பத்தியம் இருந்த அதே 1918ஆம் ஆண்டில், நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரே அறையில் ஓர் உணவு ஆராய்ச்சி தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அப்பணி வளர்ந்து, 1928ஆம் ஆண்டு உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958ஆம் ஆண்டு ஹைதராபாத் நகருக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவைவிட, கோதுமை, பருப்பு, காய்கறி, பால் ஆகியவை சேர்ந்த உணவு எலிகளை நன்கு வளர்த்ததை மெக்காரிசன் காட்டினார். 1930களில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், பள்ளிக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்து அவர்கள் உயரத்திலும் எடையிலும் வளர்ந்ததைக் கண்டார். அரிசிச் சோற்றைத் தவிர வேறு அதிகம் அறியாத குழந்தைக்கு அந்தப் பால் பெரும் பேறாயிற்று. வைட்டமின் ஏ குறைவினால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970ஆம் ஆண்டு இந்திய அரசாங்கமே தனித் திட்டம் வகுக்க நேர்ந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆடை நீக்கிய பால் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் ஏழைக் குழந்தைக்கு அது போதவில்லை, கண் கெட்டது. குன்னூர்ப் பள்ளிக் குழந்தைக்கு அது வளர்ச்சியைத் தந்தது. கரேலியாவின் விவசாயிக்கு அது ஆயுளை நீட்டியது. பண்டம் ஒன்றே; உண்பவரின் மற்ற உணவு வேறு, வயது வேறு, நிலை வேறு. பத்தியம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று நம் வைத்தியர்கள் கூறியதும் இதுவே.

இன்றைய இந்தியாவில் இவ்விரு நிலைகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றன. 1990களின் இறுதியில் பால் உற்பத்தியில் நம் தேசம் உலகில் முதலிடத்தை எய்திற்று. உட்கார்ந்த இடத்தில் உத்தியோகம் பார்த்து, நாள்தோறும் நெய்யும் வெண்ணெயும் கொழுத்த இறைச்சியும் உண்ணும் நடுத்தர வயதினர் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. குறைத்த இடத்தைச் சர்க்கரையாலும் மைதாவாலும் எண்ணெய்ப் பலகாரத்தாலும் நிரப்பாமல், பருப்பும் பயறும் கீரையும் முழுத் தானியமும் கொண்டு நிரப்ப வேண்டும். டென்மார்க்கும் கரேலியாவும் அவ்வாறே செய்தன. ஆனால், ஒரு குவளைப் பாலோ ஒரு முட்டையோ கிடைத்தால் வளரக்கூடிய குழந்தையிடமும், சத்துக் குறைந்த கர்ப்பிணியிடமும் போய், குறைத்துக்கொள்ளுங்கள் என்று கூறுவது அறிவுடைமை ஆகாது.

நேயர்கள் தத்தம் வீட்டில் இன்றிரவு உணவு பரிமாறும்போது ஒரு முறை கவனித்துப் பார்க்கலாம். இருக்கும் பாலும் நெய்யும் முட்டையும் இறைச்சியும் யார் இலைக்குப் போகின்றன, யார் இலைக்குப் போகவில்லை என்பதே முதற் கேள்வி. பல வீடுகளில், குறைக்க வேண்டியவர் இலையிலிருந்து எடுத்து, கூட்ட வேண்டியவர் இலையில் வைத்துவிட்டாலே பத்தியத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.